கண்டக்டர் சுப்பிரமணி எடுத்த ரெண்டு டிக்கெட்

கற்பூரத்தைக் கொளுத்தி என் முன்னால் வையுங்கள். உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். இதில் ஒரு சொல் பொய்யில்லை. போன தடவை ஒரு ஆடு தன்னந்தனியாகக் கிரிவலம் போய், அடி அண்ணாமலையில் மோர் வாங்கிக் குடித்தது என்றேனே, அதில் மோர் மட்டும் நான் சேர்த்தது. இதில் மோர்கூடக் கிடையாது. அத்தனையும் நடந்தது. மலை சாட்சி.

திருவூடல் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது. திருவண்ணாமலையில் சாமியும் அம்மனும் வருஷா வருஷம் சண்டை போட்டுக்கொள்வதற்கென்றே ஒதுக்கிய தெரு அது. அம்மன் கோபித்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சாமி வெளியே நிற்பார். அந்த இடத்தில் குடியிருக்கிற புருஷன்மார் யாரும் தங்களைப் பெரிய ஆள் என்று நினைத்துக்கொள்வதில்லை. சுப்பிரமணி ஒருவரைத் தவிர.

சுப்பிரமணி அரசாங்க பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிடையர் ஆனவர். உலகம் அவருக்குத் தலைகளாகத்தான் தெரியும். தலை இருந்தால் டிக்கெட். ஒரு தடவை யாரோ களிமண் அய்யனார் சிலையைப் பின்சீட்டில் ஏற்றிவிட்டார்கள். லக்கேஜ் போடுவதா, ஆள் டிக்கெட் போடுவதா என்று விழுப்புரம் வரை யோசித்தார். மீசை இருக்கிறதே என்று முழு டிக்கெட் கிழித்தார்.

அவர் சம்சாரம் ரேணுகாம்பாள். ஒரே மகள் கவிநிலா, கல்யாணம் முடிந்து கனடாவுக்குப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. நான் சொல்வது ரெண்டாயிரத்து எட்டாம் வருஷத்துக் கதை. வீட்டில் நாலு அறை, ரெண்டு தட்டு. மிச்ச அறைகளில் யார் இருந்தார்கள் என்று கேட்டால், மின்விசிறி இருந்தது. அதையும் போடுவதில்லை.

மகள் போகும்போது ஒரு கம்ப்யூட்டரும், அதன் தலையில் மாட்டுகிற ஒரு கேமராவும் வாங்கி வைத்துவிட்டுப் போனாள். டெலிபோன் லைனிலேயே நெட். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரேணுகாம்பாள் புடவை மாற்றி, பூ வைத்துக்கொண்டு கேமரா முன் உட்காருவாள். சுப்பிரமணி கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஸ்டூல் போட்டுக்கொள்வார்.

"ஏம்பா பின்னாடியே ஒக்கார்ற? முன்னாடி வா. ஒன் மூஞ்சியப் பாக்கணும்" என்பாள் கவிநிலா.

"அம்மா தெரியறால்ல? போதும். ரெண்டு தலை தெரிஞ்சா நெட்டு ஜாஸ்தி ஓடும்."

"நெட்டுக்குத் தலைக்கணக்கெல்லாம் கெடையாதுப்பா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. செக்கிங் ஏறினா தெரியும்."

ஆக, மூன்று வருஷமாக அந்தப் பெண்ணுக்கு அப்பா என்பது வெறும் குரல். "சீக்கிரம் முடி, சீக்கிரம் முடி" என்று பின்னாலிருந்து வருகிற குரல். ஆனால் மனுஷனைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். மகள் போன அந்த வாரமே, கண்ணாடி பதித்த பீரோவைத் தனியாளாக இழுத்து எதிர்ச் சுவரோரம் வைத்தார். ஸ்டூலில் உட்கார்ந்தால் அந்தக் கண்ணாடியில் திரை தெரியும். திரையில் மகள் தெரிவாள். இடம் வலமாகத்தான் தெரிவாள். ஆனால் அதற்கு டிக்கெட் இல்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான், கேபிள் டி.வி. நடத்துகிற மண்ணாங்கட்டி (அவர் பேரே அதுதான்) நெட்டும் விட ஆரம்பித்தார். வேகம் ஜாஸ்தி, மாசக் கட்டணம் கம்மி. ஒரு வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் இன்னும் கம்மி. சுப்பிரமணி ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அறிவித்தார்.

"ரேணுகா, முடிவு பண்ணிட்டேன். புதுசுக்கு மாறறோம். பழசுக்கு மாசக் கடைசி வரைக்கும் கட்டியிருக்கு. கடைசி நாள் அதை வெட்டறோம். மறுநாள் காலையில மண்ணாங்கட்டி வந்து இதை ஒட்டறான். ரெண்டுத்துக்கும் சேத்து ஒரு நாள்கூடக் காசு கெடையாது."

"ஒரு மாசம் ரெண்டும் இருக்கட்டுமேங்க. புதுசு ஒழுங்கா ஓடுதான்னு பாத்துட்டு பழச விடலாம்."

"இன்னா பேசற நீ? ஒரே நேரத்துல ரெண்டு பஸ்ல ஒக்காந்து எவனாவது ரெண்டு டிக்கெட் எடுப்பானா? இதுலருந்து எறங்கு. அதுல ஏறு. அவ்ளோதான்."

"எறங்கினப்புறம் அது வரலைன்னா?"

"வரும்."

"நீங்க கண்டக்டரா இருந்த பஸ்ஸே வந்ததில்லீங்க."

சுப்பிரமணி மோரை ஊற்றிக்கொண்டார். (இந்த மோர் நிஜம்.)

"கார்த்திகை வருதேங்க" என்றாள் ரேணுகாம்பாள், குழம்புச் சட்டியை மூடிக்கொண்டே.

"தீபத்துக்கும் நெட்டுக்கும் இன்னா சம்பந்தம்?"

ரேணுகாம்பாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். எதையோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் அதை விழுங்கிவிட்டு, "ஒண்ணுமில்லீங்க" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், அந்த ஒண்ணுமில்லைக்குப் பயப்பட சுப்பிரமணி கற்றுக்கொள்ளவே இல்லை.

தீபத்தை வைத்து இன்னொரு சங்கதியும் இருந்தது. அந்த வருஷமும் கவிநிலாவால் வர முடியவில்லை. "அப்பா, தீபத்தன்னிக்கு கேமராவ மொட்டை மாடிக்குக் கொண்டு போய் காட்டணும். மூணு வருஷமாச்சு பாத்து" என்று கேட்டிருந்தாள். "இன்னா அப்படிக் கேட்டுட்ட? மண்ணாங்கட்டி நெட்டு வரட்டும். மலையே கனடாவுக்கு வந்து நிக்கும்" என்று சுப்பிரமணி, கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்து, வாக்குக் கொடுத்திருந்தார்.

மாசக் கடைசியில் புருஷனும் பெண்டாட்டியும் ஸ்கூட்டரில் டெலிபோன் ஆபீஸுக்குப் போனார்கள். போன் ரேணுகாம்பாள் பேரில் இருந்தது. தன் பேரில் வாங்கினால் டிப்போவில் தெரிந்துபோய், லீவு நாளிலும் டூட்டிக்குக் கூப்பிடுவார்கள் என்று அந்தக் காலத்தில் சுப்பிரமணி செய்த ராஜதந்திரம். அதனால் வெட்டுவதானாலும் ஒட்டுவதானாலும் அவள்தான் போய்க் கேட்க வேண்டும்.

உள்ளே வண்டி விடக் காசு வாங்கிக்கொண்டு டோக்கன் போட்டார்கள். சுப்பிரமணி வாசலோடு நின்றுவிட்டார். "நீ போய்ச் சொல்லிட்டு வா. நான் வண்டி மேலயே ஒக்காந்திருக்கேன். ஒக்காந்திருக்கிற வண்டிக்கு டோக்கன் இல்ல."

ரேணுகாம்பாள் போனாள். ரொம்ப நேரம் கழித்து வந்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்க."

"மறுபேச்சு பேசினாங்களா?"

"இல்லீங்க. ரொம்ப நல்ல மாதிரி. நாளைக்கு லைன்மேன் வருவாராம். நம்ம வீட்லருந்து எடுத்துடுவாராம்."

மறுநாள் லைன்மேன் வேணு ஏணியோடு வந்தார். "சார், கொஞ்சம் புடிங்க" என்றார். சுப்பிரமணி ரெண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு ஜாண் ஒயர்கூட என் வீட்ல தங்கக்கூடாது, ஆமா."

"தங்காது சார். முழுசா அந்தப் பக்கம் இழுத்துடறேன்."

"அந்தப் பொட்டி? நெட்டுப் பொட்டி?"

"அதுவும் கூடவே போயிடும் சார்."

வேணு போகும்போது ரேணுகாம்பாள் காபி கொடுத்தாள். விட்டுப் போகிறவனுக்கு எதற்குக் காபி என்று சுப்பிரமணிக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் வெற்றி வெற்றிதான். அன்று ராஜா மாதிரிப் படுத்துத் தூங்கினார்.

விடிந்தது. மண்ணாங்கட்டி வரவில்லை. மதியம் வரை பார்த்துவிட்டுத் தெருமுனைக்குப் போனார். மண்ணாங்கட்டி ஒயர் வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மண்ணாங்கட்டி, காலையில வரேன்னியே?"

"அண்ணே, மேல பாருங்க."

சுப்பிரமணி அண்ணாந்து பார்த்தார். மேலே ஒன்றுமே இல்லை. வானம்தான் இருந்தது.

"தேர் வருதுண்ணே! மாட வீதி பூரா ஒயரை எறக்கிட்டோம். பெரிய தேரு என் கேபிளுக்குக் கீழ குனிஞ்சா போவும்? உங்க சந்துக்கு லைன் வரணும்னா இந்தத் தெருவத் தாண்டி மேலாலதான் வரணும். தேரு நிலைக்கு வரட்டும், தீபம் ஆவட்டும், கூட்டம் வடியட்டும். மொத வேலை உங்க வீடுதான்."

"அப்ப டெலிபோன்காரன் லைனு?"

"அது பூமிக்குள்ள வருது. அவனுக்கு இன்னா வந்துச்சு?"

சுப்பிரமணி பிறந்ததே அந்தச் சந்தில்தான். நடை பழகியதும் தேர் வடத்தைப் பிடித்துக்கொண்டுதான். வருஷா வருஷம் தேருக்காக ஒயரை இறக்குவதையும், தெரு அண்ணாந்து பார்க்கும்படி அகலமாகிவிடுவதையும் பார்த்தே வளர்ந்தவர். தேர்வீதியை ஒட்டிப் பிறந்து தேரையே மறந்த மனுஷர் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். டிக்கெட் கணக்கு கண்ணை மறைத்துவிட்டது. இறங்கின பஸ் போய்விட்டது. ஏற வேண்டிய பஸ் வரவில்லை. ஆள் ஸ்டாப்பிங்கில் நிற்கிறார்.

வீட்டுக்கு வந்து, "பழைய நெட்டையே திரும்பக் கேட்டா குடுப்பாங்களா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"புதுசாக் கேட்டா இப்ப ஆள் கெடையாதாம். எல்லாரும் திருவிழா வேலையில இருக்காங்களாம்" என்றாள் ரேணுகாம்பாள். அதுவும் நிஜம். அந்தக் கதை முழுக்க அவள் ஒரு பொய் சொன்னாள் என்று யாராவது நிரூபித்தால் நான் கதை சொல்வதையே விட்டுவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சாயங்காலம் சுப்பிரமணி வழக்கம்போல ஸ்டூலைப் போட்டு கம்ப்யூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்தார். ஏன் உட்கார்ந்தார் என்று அவருக்கே தெரியாது. கால் அங்கே போயிற்று. பீரோ கண்ணாடியைப் பார்த்தார். கறுப்புத் திரை தெரிந்தது. அதற்கு மேலே ஒரு கிழவனின் தலை தெரிந்தது. இத்தனை நாள் மகளைப் பார்த்ததில் அந்தத் தலையை அவர் கவனித்ததே இல்லை. யார் இது, டிக்கெட் எடுத்தாச்சா என்பதுபோல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரேணுகாம்பாள் புடவை மாற்றி, பூ வைத்துக்கொண்டு வந்தாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"பக்கத்துல, திரௌபதி வீட்டுக்கு."

"பக்கத்து வீட்டுக்குப் போறதுக்குப் பூ எதுக்கு?"

"பூவுக்கும் டிக்கெட் உண்டாங்க?"

திரௌபதி புருஷனை இழந்தவள். ஒரே மகன் பெங்களூரில். திருவிழாவுக்கு வந்தவன், அம்மா பொழுதுபோக்கட்டும் என்று தன் பழைய மடிக் கம்ப்யூட்டரை விட்டுவிட்டுப் போயிருந்தான். ரெண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவர் வழியாக அன்று சிரிப்பு வந்தது. ரேணுகாம்பாள் சிரிப்பு. இந்தப் பக்கம் அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாயிற்று. சுப்பிரமணி ஆறின உப்புமாவைத் தனியாகச் சாப்பிட்டார்.

வீட்டில் இருக்க முடியாமல் தேரடிப் பக்கம் போனார். எங்கே பார்த்தாலும் குடும்பம் குடும்பமாக ஜனம். வெளியூர்க்காரர் ஒருவர் அவர் கையில் ஒரு கேமராவைத் திணித்தார். "பெரியவரே, எங்க எல்லாரையும் சேத்து ஒண்ணு எடுங்க. கோபுரமும் விழணும்." சுப்பிரமணி எடுத்துக் கொடுத்தார். பழக்கதோஷம், எடுப்பதற்கு முன்னால் தலைகளை எண்ணினார். பாட்டியிலிருந்து கைக்குழந்தை வரை அவ்வளவு தலை. "ரொம்ப தேங்க்ஸ் பெரியவரே" என்று சொல்லிவிட்டு அவர்கள் கூட்டத்தில் கலந்துவிட்டார்கள். அவர் கைகள் ரெண்டும் கேமராவைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் காற்றில் நின்றன.

அன்றைக்கே செல்போனில் கவிநிலா கூப்பிட்டாள்.

"அப்பா, தீபம் காட்டுவல்ல?"

"காட்டுறேம்மா."

"சரிப்பா" என்று வைத்துவிட்டாள். நெட் இல்லாமல் எப்படிக் காட்டுவாய் என்று அவள் கேட்கவே இல்லை. பதினாயிரம் பயணிகளின் முழியைப் பார்த்தே வித்தவுட்டைப் பிடித்த சுப்பிரமணி, இதைக் கோட்டை விட்டார்.

தீபத்தன்று சாயங்காலம் ரேணுகாம்பாள் அகல் விளக்குத் தட்டோடு கிளம்பினாள்.

"திரௌபதி வீட்டு மாடிக்குப் போறேங்க. நீங்களும் வாங்களேன்."

"ஏன், நம்ம மாடியிலருந்து மலை தெரியாதா?"

"அவ தனியா இருக்காங்க."

"நான் மட்டும் இங்க கூட்டத்தோடவா இருக்கேன்?"

ரேணுகாம்பாள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மலையில் ஜோதி தெரிகிற வரைக்கும் வீட்டில் யாரும் விளக்கு ஏற்ற மாட்டார்கள். ஊரே இருட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்து நிற்கும். பக்கத்து மாடியில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. அந்த இருட்டில் சுப்பிரமணி மாடிப்படி ஏறினார். போகிற போக்கில் கம்ப்யூட்டர் தலையில் இருந்த கேமராவைப் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டார். அதன் ஒயர் படிப்படியாகத் தட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தது. மறுமுனையில் ஒன்றும் இல்லை.

கேமராவை மலைக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். யாருமில்லை.

"கவிநிலா, பாத்துக்கினே இரு" என்றார் மெதுவாக. "இப்ப கோயிலுக்குள்ள அர்த்தநாரீஸ்வரர் வெளிய வருவாரு. வந்து, ஆடிட்டு, ஒடனே உள்ள போயிடுவாரு. அப்ப மேல பாக்கணும். கண்ணை எடுக்காத. நீ சின்னப்புள்ளையில என் தோள் மேல ஒக்காந்து பாத்த எடம் இது. காலை ஆட்டிக்கினே இருப்ப. என் சட்டையெல்லாம் மண்ணாவும்."

வெடிச் சத்தம் கேட்டது. மலையுச்சியில் பொட்டாக ஒரு வெளிச்சம் எழுந்தது. "அரோகரா!" என்று ஊர் முழுக்க ஒரே குரல். சுப்பிரமணியும் கத்தினார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. பக்கத்து மாடிகளில் அகல்கள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன.

"தெரியுதாம்மா?" என்று கேமராவிடம் கேட்டார். ஒயர் காற்றில் ஆடியது. கொஞ்சம் யோசித்தார். பிறகு கேமராவைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினார்.

"இப்ப காசு ஒண்ணும் ஏறாது. அதனால பாத்துக்க. இதான் அப்பா. முன்னாடி பல்லு ரெண்டு போயிடுச்சு. நீ போறப்ப இருந்த மாதிரி இல்ல நானு. அதான் முன்னாடி வரல. தலைக்கணக்கு சும்மா ஒரு சாக்கு. பாதி சாக்கு. பாதி நெஜமாவே காசுதான்."

"அப்பா, இந்தப் பக்கம் திரும்பு. சைடுல பாத்தது போதும்."

கையிலிருந்த கேமரா கீழே விழுந்தது. நல்லவேளை, கால் மேல் விழுந்ததால் உடையவில்லை. திரும்பினார். பக்கத்து மாடிக் கைப்பிடிச் சுவரில் வரிசையாக அகல்கள். அகல்களுக்கு நடுவில் மடிக் கம்ப்யூட்டர். அதில் கவிநிலா, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. ரெண்டு பக்கமும் ரேணுகாம்பாளும் திரௌபதியும், துவாரபாலகர் மாதிரி.

"மலை அந்தப் பக்கம் இருக்கு. கேமராவ ஏன் இங்க திருப்பி வச்சிருக்கீங்க?" என்றுதான் சுப்பிரமணிக்குக் கேட்க வந்தது.

"மலைய அம்மா காட்டிட்டாங்க. ஒன்னத்தான் மூணு வருஷமா யாரும் காட்டல" என்றாள் கவிநிலா. "ஏம்பா இப்படி எளைச்சிட்ட?"

சுப்பிரமணி துண்டால் முகத்தைத் துடைத்தார். வேர்வை என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்த்திகைக் குளிரில் வந்த வேர்வை. துடைத்து முடித்ததும் கண்டக்டர் விழித்துக்கொண்டார்.

"இது எந்த நெட்டு?"

"நம்ம நெட்டுதாங்க" என்றாள் ரேணுகாம்பாள்.

"அதான் வெட்டியாச்சே!"

"வெட்டினாங்கன்னு நான் எப்ப சொன்னேன்? நம்ம வீட்லருந்து எடுத்துட்டாங்கன்னேன். பக்கத்து வீட்டுக்கு மாத்திக் குடுங்கன்னு கேட்டேன், மாத்திக் குடுத்தாங்க. நீங்கதானே ஏணி புடிச்சீங்க?"

"ரொம்ப நல்லாப் புடிச்சீங்கண்ணா, ஆடவே இல்ல" என்றாள் திரௌபதி.

"சரி, இதுக்குக் காசு யார் கட்டறது?"

"உங்க பென்ஷன்தாங்க. பேங்க்லருந்து அதுவே போயிடுது. வரிசையில நிக்க முடியாதுன்னு நீங்கதான் அப்படிப் பண்ணி வச்சீங்க."

"அப்ப மண்ணாங்கட்டி நெட்டு?"

"அதுக்கு ஒரு வருஷத்துக்கு மொத்தமாக் கட்டிட்டீங்களே. கூட்டம் வடிஞ்சதும் வராராம்."

சுப்பிரமணி வாயைத் திறந்தார். மூடவில்லை.

"அப்படியே இருப்பா, மூடாத" என்றாள் கவிநிலா. "எந்தப் பல்லு போச்சுன்னு பாக்கறேன்."

மண்ணாங்கட்டி வந்தார், ஒட்டினார். பழையதை இப்போதாவது வெட்டலாம் என்று சுப்பிரமணி பேச்செடுத்தார். "திரௌபதி பையனும் இனிமே அதுலதான் பேசுவான். தனியாக் கெடக்கறவ. நீங்க வேணா எறங்குங்க, அவ ஏறிட்டா" என்றாள் ரேணுகாம்பாள். அதோடு சரி. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமையானால் அவர் பல் கட்டிக்கொண்டு கேமரா முன்னால் உட்கார்கிறார். ஒரு ஆள், ரெண்டு டிக்கெட்.

இதெல்லாம் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். திரௌபதி வீட்டுக்கு அந்தப் பக்கத்து வீடு என்னுடையது. அந்த ஒயர் அவள் வீட்டோடு நின்றுவிடவில்லை. எனக்கும் துபாயில் ஒரு பையன் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை எனக்கும் ஒரு முகம் பார்க்க வேண்டியிருக்கிறது. அதனால் இந்தக் கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், சொன்னது யார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சுப்பிரமணி காதில் விழுந்தால், மூன்றாவது தலைக்கும் டிக்கெட் கிழித்துவிடுவார்.